ஒற்றைக் கால் கம்ப்யூட்டர்

அந்த வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே கம்ப்யூட்டரைப் பற்றித்தான் நினைப்பு. ஒருத்தி அதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது. இன்னொருவனுக்கு அதைப் பற்றி வாய் திறந்தால்தான் பிழைப்பு. அவள் அண்ணி, அவன் கொழுந்தன்.

அண்ணிக்குப் பெட்டி வடிவமைக்கிற வேலை. கடைக்குப் போகிற சாமான் வழியில் உடையாமல் இருக்க, எந்த அளவில் அட்டைப்பெட்டி, உள்ளே எங்கெங்கே மெத்தை, எந்த மூலையில் எவ்வளவு இடைவெளி என்று தீர்மானிப்பது அவள்தான். எந்தப் பொருளைப் பார்த்தாலும் கீழே விழுந்தால் இது எந்தப் பக்கம் முதலில் உடையும் என்றுதான் யோசிப்பாள். கல்யாணப் பரிசாக வந்த கண்ணாடி விளக்கையே அப்படித்தான் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். அன்றிலிருந்து புருஷன் அவளுக்கு வைத்த பெயர் பெட்டிக்காரி.

கொழுந்தனுக்கு வீட்டில் ஜோசியர் என்று பெயர். இன்னும் கடைக்கு வராத கம்ப்யூட்டர் எப்படி இருக்கும், போன் எப்படி இருக்கும் என்று ஊகித்து, அச்சு அசலாகப் படம் வரைந்து, வீடியோவில் பேசிப் போடுவது அவன் தொழில். பார்த்துக்கொண்டிருந்த வேலை போனபின் அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்தவன், அங்கேயே கடையை விரித்துவிட்டான். சில சமயம் பலிக்கும், பல சமயம் பலிக்காது. பலிக்காதபோது, "கம்பெனிக்காரன் தப்பா செஞ்சுட்டான்" என்பான்.

இந்த முறை ஊரே எதிர்பார்த்தது ஒரு ஆல் இன் ஒன். திரை, எந்திரம், ஒலிபெருக்கி எல்லாம் ஒரே உடம்பில் அடங்கியது. பெரிய கம்பெனி அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தது. அதற்குப் பெட்டி செய்கிற பொறுப்பு பெட்டிக்காரியின் நிறுவனத்துக்கு வந்தது. ஆனால் வந்தது கம்ப்யூட்டர் அல்ல. அதே அளவில், அதே எடையில் ஒரு சாம்பல் நிறப் பொம்மை. திரை எரியாது, பொத்தான் கிடையாது. அதையும் பூட்டிய அறையில் வைத்திருந்தார்கள். போனை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அளவெடுத்த காகிதம்கூட வெளியே வரக் கூடாது.

அந்தப் பொம்மை அவள் உயிரை எடுத்தது. முதுகுப் பக்கம் தடியாக ஒரே ஒரு கால். மடங்காது, கழலாது. படுக்க வைத்தால் கால் துருத்திக்கொண்டு நிற்கும். நிறுத்தினால் மேல்பாரம் தாங்காமல் சாயும். பெட்டியைக் கீழே போட்டுச் சோதிக்கும்போதெல்லாம் கால் சேருகிற இடம்தான் முதலில் விரிந்தது. பல வாரம் அவளுக்கு அதே போராட்டம்.

ஒரு காலையில் பேருந்துக்குக் காத்திருந்தபோது ஜோசியரின் புது வீடியோவைத் திறந்தாள். வழக்கமாகப் பாதியில் மூடிவிடுவாள். அன்று மூட முடியவில்லை. படத்தில் கம்ப்யூட்டர் மெதுவாகத் திரும்பியது. முதுகில் தடியாக ஒரே ஒரு கால்.

திரும்பவும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். பேருந்து வந்து நின்று போனதுகூடத் தெரியவில்லை.

அலுவலகத்தில் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டனுப்பினார். அதட்டாத மனிதர். உட்காரச் சொல்லி, தண்ணீர் ஊற்றிக் கொடுத்து, பிறகு அதே படத்தை மேஜைமேல் வைத்தார்.

"இதப் பாத்திருக்கீங்களாம்மா?"

"இல்ல சார்."

"உங்க வீட்ல யாராவது இந்த மாதிரி படம் போடுறது, வீடியோ போடுறதுன்னு இருக்காங்களா?"

"இல்ல சார்."

இரண்டாவது பொய் முதல் பொய்யைவிடச் சுலபமாக வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு, "சரி, போய் வேலையப் பாருங்க" என்றார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு திரிந்தாள். எப்படி எடுத்திருப்பான்? கைப்பையைத் துழாவியிருப்பானா? அதில் துழாவ ஒன்றும் இல்லையே. போனைத் திறந்திருப்பானா? கடவு எண்ணை மாற்றினாள். குளிக்கப் போகும்போதும் போனைக் கூடவே எடுத்துப் போனாள். "போனுக்கும் சேத்து சோப்புப் போடுறியா?" என்று புருஷன் கேட்டான்.

சந்தேகம் வந்தபின் எல்லாமே தப்பாகத் தெரிந்தது. கொழுந்தன் டீ போட்டுக் கொடுத்தால், ஏன் இன்றைக்குத் திடீரென்று டீ? பையை வாங்கிக்கொள்ள வந்தால், எடை பார்க்கிறானோ? ஒருநாள் அவள் விரலில் அட்டை கீறிய காயத்தைப் பார்த்துவிட்டு, "என்னாச்சு அண்ணி?" என்று கேட்டான். அக்கறைதான். ஆனால் அவளுக்கு, எந்த முனை கீறியது என்று கேட்பதுபோல் இருந்தது. "கதவு" என்றாள். கதவு எப்படி விரலை அப்படி நீளமாகக் கீறும் என்று அவன் யோசிப்பது முகத்தில் தெரிந்தது. உடனே கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கடைசியில் ஒரு பொறி வைத்தாள். வீட்டில் கிடந்த பழைய அட்டையை வெட்டி, உள்ளங்கை அளவுக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் செய்தாள். காலே கிடையாது, அடியில் வட்டத் தட்டு, தலையில் ஒரு கைப்பிடி. முழுக்க முழுக்கக் கற்பனை. அதை ஃப்ரிட்ஜ் மேல், மறந்து வைத்ததுபோல் வைத்தாள். அடுத்த வீடியோவில் கைப்பிடி முளைத்தால், ஆள் கையும் களவுமாக மாட்டினான்.

முதலில் மாட்டியது புருஷன்தான். ராத்திரி சாப்பாட்டுக்கு அவள் வருவதற்குள் அந்த அட்டைக் கம்ப்யூட்டரில் போனைச் சாய்த்து வைத்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தான். "நல்லா இருக்கே, யாரு செஞ்சா?" என்றான். அவள் வெடுக்கென்று பிடுங்கித் திரும்பவும் ஃப்ரிட்ஜ் மேல் வைத்தாள். கொழுந்தன் தட்டிலிருந்து நிமிர்ந்து அட்டையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். குனிந்து சாப்பிட்டான்.

அடுத்த வீடியோ வந்தது. கைப்பிடி இல்லை, வட்டத் தட்டு இல்லை, படமே இல்லை. ஜோசியர் மட்டும் உட்கார்ந்து, "இந்தக் கம்ப்யூட்டரைப் பத்தி இனிமே நான் எதுவும் சொல்லப் போறதில்ல. போன வீடியோவையும் எடுத்துட்டேன். ஏன்னு கேக்காதீங்க" என்றான். அவன் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்த வீடியோ அது.

குற்றமுள்ள நெஞ்சுதானே இப்படிப் பதுங்கும் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. மடித்துக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டுப் பின்னறைக் கதவைத் தள்ளினாள்.

"ஏன் நிறுத்திட்ட? மாட்டிக்குவோம்னு பயமா?"

அவன் நாற்காலியைத் திருப்பினான். முகத்தில் பயம் இல்லை. வாட்டம்தான் இருந்தது.

"அண்ணி, அந்த அட்டை பொம்மை எனக்காகத்தான வெச்சீங்க?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நீங்க ஆபீஸ்லேருந்து ஒரு துண்டு அட்டைகூட வீட்டுக்குக் கொண்டு வந்ததில்ல. திடீர்னு ஒரு அட்டை பொம்மை ஃப்ரிட்ஜ் மேல வந்து உக்காந்தா எனக்குப் புரியாதா? அதுவும் தலையில கைப்பிடி! அவ்வளவு பெரிய திரைய எவன் தூக்கு வாளி மாதிரி தூக்கிட்டுப் போவான்? என்னைத் திருடன்னு நெனச்சீங்க, சரி. மடையன்னும் சேத்து நெனச்சுட்டீங்களே."

"அப்ப அந்த ஒத்தைக் கால் எங்கேருந்து வந்தது?"

"நெசமாவே தெரியலையா?"

"தெரிஞ்சா ஏன் கேக்குறேன்?"

"அண்ணா!" என்று அவன் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "போன மாசம் சாப்பிடும்போது அண்ணி யாரையோ திட்டினாங்களே, என்ன சொன்னாங்க?"

அண்ணன் இடத்தைவிட்டு எழாமலே பதில் சொன்னான். "எது, 'ஒத்தைக் கால்ல நிக்கிற சனியன், படுக்க வைக்கவும் முடியல, நிக்க வைக்கவும் முடியல'ன்னாளே, அதுவா? நான் அவ மானேஜரத்தான் சொல்றான்னு நெனச்சேன். ஏன், வேற யாராவதா?"

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் ஞாபகம் வந்தது. சோற்றைப் பிசைந்தபடி, யாரிடம் என்றில்லாமல், வாய்க்கு வந்தபடி. ஒரு தடவையா, பல தடவையா? முதுகுப் பக்கம் கனம் என்று சொன்னோமா? சேருகிற இடம் விரிகிறது என்று சொன்னோமா? பூட்டிய அறை, வாங்கி வைத்த போன், காகிதத்துக்குக்கூடத் தடை எல்லாம் சரி. வாயை மட்டும் யாரும் வாசலில் வாங்கி வைக்கவில்லை.

"மத்ததெல்லாம் என் ஊகம்," என்றான் கொழுந்தன், தரையைப் பார்த்துக்கொண்டு. "காத்து போற ஓட்டை, வயர் போற வழி எல்லாம் நானா யோசிச்சது. கால் மட்டும் உங்களோடது. நீங்க எதப் பத்திச் சொல்றீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வரைஞ்சேன். வீட்ல பேசுறதுதான, யாருக்குத் தெரியப் போகுதுன்னு நெனச்சேன். தப்புதான் அண்ணி. நீங்க பொம்மைய வெச்ச அன்னிக்குத்தான் உங்களுக்கு ஆபீஸ்ல ஏதோ நடந்திருக்குன்னு புரிஞ்சுது."

திட்டத்தான் வந்தாள். திரும்பிப் போய், போட்டுவிட்டு வந்த துணியை மடிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் வேலைக்குப் போனதும் நேராகப் பாதுகாப்பு அதிகாரியின் அறைக்குப் போனாள். உட்காரச் சொல்லும்வரை நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள், சாப்பாட்டுத் தட்டையும் விடவில்லை, அட்டைப் பொம்மையையும் விடவில்லை. இரண்டு பொய்யையும் சொன்னாள்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்த வீடியோ போடுறவர் எங்க தங்கியிருக்காருன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும்மா. உங்க வீட்டு விலாசமும் என்கிட்ட இருக்கு."

"தெரிஞ்சுகிட்டேவா சார் கேட்டீங்க?"

"தெரிஞ்சுதான் கேட்டேன்."

"நான் வராம இருந்திருந்தா?"

அவர் தண்ணீர்க் கூஜாவை நகர்த்தி வைத்தார். "வந்துட்டீங்களே" என்றார்.

வேலை போகவில்லை. ஆனால் அன்றே அவளை அந்தப் பூட்டிய அறையிலிருந்து மாற்றி, தண்ணீர் சூடாக்கும் ஹீட்டருக்குப் பெட்டி செய்யச் சொன்னார்கள். அவள் இடத்துக்குப் பக்கத்து மேஜைக்காரி போனாள். பெட்டிக்காரிக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அன்று சாயங்காலம் பேருந்தில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள். அப்படித் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டர் வெளியான அன்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து பார்த்தார்கள். கொழுந்தன் தன் அறையில் பார்ப்பதாகச் சொன்னான். அண்ணன்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தான். மேடையில் துணி விலகியது. கம்ப்யூட்டர் மெதுவாகத் திரும்பியது.

இரண்டு கால். மெல்லியதாக, இரண்டு ஓரத்திலும்.

பெட்டிக்காரி கொழுந்தனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"அண்ணி," என்றான், குரலைத் தாழ்த்தி. "உங்களுக்கு அனுப்பினது நெசமான அளவுதானா? இல்ல, யாரு வெளிய விடுறாங்கன்னு பாக்குறதுக்காக, ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு மாதிரி கால் வெச்சு அனுப்பினாங்களா?"

"கடைசி நேரத்துல மாத்தியிருக்கலாம்."

"மாத்தியிருக்கலாம்" என்றான் அவனும். ஆனால் இருவருமே அதை நம்பியதாகத் தெரியவில்லை.

அவள் மனம் அந்த அறைக்குப் போனது. ஊற்றி வைத்த தண்ணீர், எழுதிக்கொள்ளாத கை, கோபப்படாத முகம். இல்லாத ஒரு காலுக்காக எத்தனை மெத்தை வெட்டியிருப்பாள், எத்தனை நாள் வீட்டில் ஒருவரை ஒருவர் திருட்டுப் பார்வை பார்த்திருப்பார்கள்! அடுத்த நாள் லிஃப்டில் அதிகாரியும் அவளும் மட்டும் இருந்தபோது கேட்டேவிட்டாள்.

"சார், எங்களுக்கு வந்த பொம்மை பொய்யா?"

அவர் சிரித்தார். "கம்பெனிக்காரங்க எதை எப்ப மாத்துவாங்கன்னு நமக்கு எப்படிம்மா தெரியும்?" லிஃப்ட் நின்றது. அவர் வழிவிட்டு, அவளை முதலில் போகச் சொன்னார். அந்தச் சிரிப்பை அவள் எத்தனை முறை நினைத்துப் பார்த்தும் பிடி கிடைக்கவில்லை.

அன்று பூட்டிய அறையிலிருந்து பக்கத்து மேஜைக்காரி இடுப்பைப் பிடித்தபடி வெளியே வந்தாள். அடுத்த பொருளுக்கு வேலை தொடங்கியிருந்தது. "அய்யோ, இப்ப ஒண்ணு வந்திருக்கு பாரு..." என்று ஆரம்பித்தாள்.

"என்கிட்ட சொல்லாத," என்றாள் பெட்டிக்காரி. "உன் வீட்லயும் சொல்லாத." சொன்னது கொஞ்சம் சத்தமாக விழுந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரியின் முகம் சுருங்கிப்போனது.

வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது புருஷன் வழக்கம்போல் கேட்டான். "இன்னிக்கு ஆபீஸ்ல என்ன கதை?"

அவள் வாயைத் திறந்தாள். உடனே கொழுந்தன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான். "நீங்க பேசுங்க அண்ணி. நான் உள்ள சாப்பிட்டுக்குறேன்."

கோபத்தில் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னான். அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

"உக்காருடா," என்றாள். "தண்ணி ஹீட்டர்தான். ஏற்கெனவே எல்லாக் கடையிலயும் விக்குது. யாரு வேணா கேக்கலாம்."

அவன் தயங்கினான். அண்ணன் நாற்காலியைக் காலால் நகர்த்திக் கொடுத்தான். கொழுந்தன் உட்கார்ந்தான், ஆனால் தட்டைவிட்டு நிமிரவில்லை. பெட்டிக்காரி ஹீட்டரின் குழாய் எங்கே துருத்துகிறது, எந்தப் பக்கம் விழுந்தால் என்ன ஆகும் என்று ஆரம்பித்தாள். பாதியில் பழக்க தோஷத்தில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு நினைவு வந்து, சத்தமாகவே பேசினாள்.