அண்டாவின் அடித்தண்ணீர்

நல்லம்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டிய பேட்டரிக் கடைக்குப் பின்பக்கம்தான் ஹயாத் பாஷாவின் வீடு. அந்த வீட்டு அடுப்பு முழுசாக அணைந்து அவர் மனைவி அஸ்கரி பேகம் பார்த்ததில்லை. விடிந்ததும் அண்டாவில் அடிபம்புத் தண்ணீரை ஊற்றி, மூடி விளிம்பில் மாவு பிசைந்து பூசி, விறகு தள்ள வேண்டும். ஆவி செப்புக் குழாயில் ஏறி, பச்சைத் தண்ணீர்த் தொட்டிக்குள் சுற்றிச் சுற்றி இறங்கி, மறுமுனையில் தண்ணீராகச் சொட்டும். அதுதான் லாரி பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில் வாட்டர். சொட்டுவதற்கு அவசரமே கிடையாது. அவசரமெல்லாம் விறகு தள்ளுகிறவளுக்குத்தான்.

அண்டா தீய்ந்துவிடாமலிருக்க அடியில் கொஞ்சம் தண்ணீரை மிச்சம் வைத்து இறக்குவார்கள். அதைக் கீழே கொட்ட அஸ்கரிக்கு மனசு வராது. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று ஊருக்கு வரும் நர்ஸம்மா தொண்டை வறளச் சொல்லியும் யார் கேட்டார்கள்? அஸ்கரி கேட்டாள். நாளெல்லாம் கொதித்த தண்ணீரைவிடச் சுத்தமானது எங்கே கிடைக்கும்? ஆறவைத்து, துணியில் வடிகட்டி, குடிக்கிற பானையில் ஊற்றிவிடுவாள். மூத்தவள் ஷரீபுன்னிசா பிறந்ததிலிருந்து இதே ஏற்பாடுதான்.

அந்தப் பக்கத்தில் பல்லில் காவி ஏறாத பிள்ளைகள் குறைவு. ஷரீபுன்னிசாவுக்கு ரொம்பவே அதிகம். வயசுக்கு வந்த பெண், தாவணியால் வாயை மூடாமல் சிரித்து வருஷக்கணக்காகிவிட்டது. ஒழுங்காகப் பல் விளக்குவதில்லை என்று அஸ்கரி திட்டாத நாளில்லை. கடைசியில் தருமபுரிக்கு, பல் டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

"பல்லு வெளக்காத குத்தம் இல்லம்மா. ஃப்ளோரைடுன்னு ஒரு உப்பு, உங்க பக்கத்துத் தண்ணியிலயே இருக்குது. பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே உள்ள எறங்கிடும். இந்தக் கறை இனிமே போகாது. குடிச்சுக்கிட்டே இருந்தா எலும்பு, முட்டியெல்லாங்கூடக் கெட்டுப் போவும்" என்றார் டாக்டர்.

"நாங்க கொதிக்க வெச்சுத்தானுங்க குடிக்கறோம்."

"கொதிச்சா கிருமி சாவும். உப்பு எங்க போவும்? குழம்பு சுண்டுனா கரிக்குதில்ல, அந்த மாதிரி தண்ணி சுண்டச் சுண்ட அது கூடத்தான் செய்யும். ஆவியாப் போற தண்ணியிலதான் அது இருக்காது."

"அந்த ஆவித் தண்ணியக் குடிக்கலாங்களா?"

"சுத்தமாப் புடிச்சாக் குடிக்கலாம். யாரும்மா வூட்ல ஒக்காந்து புடிக்கப் போறாங்க? சின்னக் கொழந்தை இருந்தாச் சொல்லுங்க. அதுக்கு விழுந்து மொளைக்கற பல்லு இப்பத்தான் உள்ள உருவாகும்."

மூன்று வயது ரஹமத் வீட்டில் இருந்தாள்.

பஸ்ஸில் ஷரீபுன்னிசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அஸ்கரிக்கு அண்டாவின் அடிதான் கண்ணில் நின்றது. அதில் படியும் வெள்ளைப் படையைத் தன் கையாலேயே எத்தனை முறை சுரண்டியிருப்பாள். நல்ல தண்ணீரை ஊர் லாரிகளுக்கு அனுப்பிவிட்டு, சுண்டிய மிச்சத்தைப் பெற்ற பிள்ளைகளுக்கு ஊட்டியிருக்கிறாள். நர்ஸம்மாவைத் திட்டலாம் என்று பார்த்தால் அதற்கும் தெம்பில்லை.

வீட்டில் ஹயாத் பாஷா சொட்டிய தண்ணீரைக் கேனில் ஊற்றிக்கொண்டிருந்தார். கடத்தூர் லாரி டிரைவர் காளியப்பன் வாசலில் காத்திருந்தார். அஸ்கரி கேனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

"என்னாச்சு? வண்டி நிக்குதே" என்று ஹயாத் பாஷா பின்னாலேயே வந்தார்.

அவள் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். அவர் விறகுக் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார்.

"இன்னிக்கித் தண்ணி இல்லீங்க."

"கேன் நெறைய இருந்துச்சே பாய்?" என்றார் காளியப்பன்.

"அது வூட்டுக்குங்க."

ஷரீபுன்னிசா கேனிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றித் தங்கைக்குக் கொடுத்தாள். ருசியே இல்லாத தண்ணீர். ரஹமத் முகத்தைச் சுளித்தாள். அக்கா கன்னத்தைத் தடவிக் கொஞ்சக் கொஞ்ச, முழுதையும் குடித்துவிட்டாள். அப்புறம் ஷரீபுன்னிசா பானைப் பக்கம் போய், தனக்குப் பழைய தண்ணீரை மொண்டாள்.

"நீ ஏன்டி அதக் குடிக்கற?" என்றாள் அஸ்கரி.

"சொட்டுச் சொட்டாத்தானேம்மா எறங்குது. பாப்பாவுக்கு இருக்கட்டும். என் பல்லுதான் முடிஞ்சு போச்சே."

அவள் வாயை மூடிக்கொள்ளாமலே சொன்னாள். அஸ்கரி டம்ளரைப் பிடுங்கினாள். பானையைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் கவிழ்த்தாள். திரும்பி வரும்போது அவள் கண் நிறைந்திருந்தது.

"பல்லு போனாப் போவட்டும். எலும்பு இருக்குதில்ல? நீயும் இதையே குடி."

அஸ்கரிக்கு முட்டி வலித்தது. அண்டாவை நிரப்பி, மாவு பிசைந்து, மூடியைச் சுற்றிப் பூசினாள். அடுப்பு முன்னால் உட்கார்ந்து விறகைத் தள்ளினாள். இத்தனை வருஷத்தில் அந்த அண்டாவை அவள் தன் வீட்டுக்கென்று ஏற்றியது அதுதான் முதல் தடவை.