வெங்காயம் போடாத குருமா

விசாக தினத்தன்று என் குருமாவைப் புத்தர் கோயில் சமையல்கட்டிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள்.

மலேசியாவில், மூவாரில், எங்கள் தாமான் குடியிருப்பில், பதினோரு வருடமாகப் பக்கத்து வீடு சியூ லான் அக்கா. சீனர்தான், ஆனால் பாகோ பக்கம் எஸ்டேட் கடைக்காரர் மகள்; என்னைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். ஒவ்வொரு விசாகத்துக்கும் அவர் சைவம் என்பதால், காலையிலேயே காய்கறிக் குருமா வைத்துக் கொடுப்பேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். இந்த வருடம் அவர் கோயிலில் எல்லாருக்கும் சாப்பாடு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவரிடம் மூச்சுவிடாமல் பெரிய சட்டி நிறையச் சமைத்து, என் கணவர் மைக்கல் தலையில் கட்டிக் கொண்டுபோனேன்.

குழந்தை புத்தருக்குப் பூத்தண்ணீர் ஊற்ற வாசல்வரை வரிசை நின்றது. சமையல்கட்டில் இருந்த பெண் மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"ஆண்ட்டி, வெங்காயம், பூண்டு போட்டிருக்கீங்களா?" என்று மலாய் மொழியில் கேட்டாள்.

"அது இல்லாம என்ன குருமா லா?" என்றேன்.

அவள் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். அவர்கள் சைவத்தில் இரண்டும் ஆகாதாம். நாம் கோழி, மீன் இல்லையென்றால் சைவம் என்று நினைக்கிற ஆட்கள். எனக்கு எப்படித் தெரியும்?

காரில் ஏறியதும்தான் உறைத்தது. அப்படியென்றால் பதினோரு வருடக் குருமா எங்கே போனது? குப்பைக்கா?

சட்டியோடு மைக்கலைத் தாமான் வீடுகளுக்குக் கொடுத்துவர அனுப்பிவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். விடியற்காலையிலேயே கோயிலுக்குப் போய்வந்து, வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"உண்மையச் சொல்லுங்கக்கா. என் குருமாவச் சாப்பிட்டீங்களா, கொட்டிட்டீங்களா?"

"அலமாக்! கொட்டுறதா? பிரிஜ்ல வச்சு, விரதம் முடிஞ்சு மறுநாள் சூடு பண்ணி, ஒரு சொட்டு விடாம சாப்பிட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவே. அன்னிக்கே சாப்பிட்டீங்களான்னு நீயும் கேக்கல. நான் பொய்யும் சொல்லல."

வெட்கமாக இருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனாலும் மனசு ஆறவில்லை. அவருடைய பெரிய நாளில் என் கையால் ஒரு வாய் சோறுகூட அவர் சாப்பிட்டதில்லை.

"இன்னிக்குச் சாப்பிடணும். இப்பவே வைக்கிறேன்."

"பன்னெண்டு மணிக்கு மேல நான் சாப்பிடக் கூடாது, கெர்ட்ரூட். விரதம்."

மணி பதினொன்றே கால்.

அக்காவின் அடுப்பிலேயே வைத்தேன். கேரட், உருளைக்கிழங்கு, தேங்காய்ப்பால், இஞ்சி, பட்டை. பழக்கதோஷத்தில் என் கை இரண்டு தடவை வெங்காயத்தைத் தேடியது. வாசனைக்குப் பெருங்காயமாவது போடலாம் என்று எங்கள் வீட்டுக்கு ஓடி டப்பாவை எடுத்துவந்தேன்.

"அதுவும் ஆகாது!" என்று கத்தினார்.

எதைத்தான் போடுவது? கறிவேப்பிலையை அள்ளிப் போட்டு இறக்கினேன்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது சோற்றில் ஊற்றிக் கொடுத்தேன். அக்கா முதல் வாய் மென்று விழுங்கினார். பார்த்துக்கொண்டே இருந்த எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எப்படிக்கா இருக்கு?"

அவர் இன்னொரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார்.

"இன்னிக்குப் பொய் சொல்லக் கூடாது," என்றார். "வெங்காயம் போட்டதுதான் ருசி."

நான் வாயைத் திறப்பதற்குள் தட்டை வழித்துவிட்டு என் முன்னால் நீட்டினார்.

"இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு. போடு."