பெட்டி கழித்த எடை

வேண்டா யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. கடப்பாக்கம் மீன் ஏலக்கூடத்தில் பதினெட்டு வருடமாகத் தராசு பிடிக்கிறாள். மீனுக்கு அடியில் ஐஸ், ஐஸுக்கு அடியில் கல் என்று எல்லாம் பார்த்தவள். செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் முஜீப் ஸ்டூலைக் காட்டியதும், அதைத் திரை தெரியும் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

கையில் ஒரு பென் டிரைவும் ஒரு தாளும் இருந்தன.

கல்பாக்கம் திருப்பத்தில் சைக்கிள்காரர் ஒருவரை மோதிவிட்டு நிற்காமல் போனது கார்த்தியின் மீன் வண்டி என்று வழக்கு. கார்த்தி அவள் தம்பி. உள்ளே போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. அதே நிமிடத்தில் அவன் வண்டி மாமல்லபுரத்தில் ஒரு பெட்ரோல் பங்கில் நின்றதை அங்கிருந்த கேமரா பிடித்திருந்தது. நிபுணர் ஒருவர் அந்தப் பதிவை டிஸ்க் இமேஜ் என்று ஒரே கோப்பாக எடுத்துக் கொடுத்துவிட்டார். அதை டிவிடியில் எழுதி நாலு மணிக்குள் கோர்ட்டில் கொடுத்தாக வேண்டும். நாளை காலை ஜாமீன் விசாரணை.

தாளில் அறுபத்துநாலு எழுத்துகள். "இது அந்தக் கோப்போட கைரேகை மாதிரி," என்று வக்கீல் விஜயகுமாரி சொல்லியிருந்தார். "உள்ள ஒரு புள்ளி மாறினாலும் இது மாறிடும். டிவிடியும் இதையேதான் காட்டணும். காட்டலன்னா யாரோ கை வெச்சிட்டாங்கன்னு தள்ளிடுவாங்க."

முஜீபின் மேசையில் ஒரு அட்டைக் கோப்பு கிடந்தது. மேலே ஜெகதீசன் என்று பெயர். கார்த்தியின் வண்டிதான் மோதியது என்று சாட்சி சொன்ன தண்ணீர் லாரிக்காரன். அவன் வேலையும் இங்கேதான் நடக்கிறது. வேண்டா அதைப் பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னா பாய், உன் கம்ப்யூட்டர் வேற மாதிரி கீது?"

"லினக்ஸ்க்கா. வைரஸ் வராது."

"எலி வராதுன்னு எங்க குடோன்ல பூனை வெச்சாங்க. அது மீனைத் துன்னுகினு கீது."

முஜீப் சிரித்தான். கறுப்புத் திரையில் ஏதோ அடித்தான். திரை மறுத்தது.

"டிரைவ் பிசின்னு சொல்லுது."

"டிஸ்கையே இப்பத்தான போட்ட. அதுக்குள்ள யாரு உள்ள?"

"யாரும் இல்லக்கா. டிஸ்க்கப் போட்டதும் இதுவா ஒரு ஜன்னலத் தொறந்து புடிச்சிக்குது. அத மூடணும்."

மூடினான். எழுத ஆரம்பித்தது. நாற்பத்தொரு சதவீதத்தில் நின்றுபோனது. வேகம் அதிகம், குறைத்துப் போடலாம் என்றான். கெட்டுப்போன டிஸ்க்கைக் குப்பைக்கூடையில் போடப் போனவன் கையிலிருந்து வேண்டா அதை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"அது வேஸ்ட்டுக்கா."

"எங்கிட்டயே கெடக்கட்டும்."

இரண்டாவது டிஸ்க் மெதுவாகச் சுற்றியது. நடுவில் முஜீபின் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசினான். "ஆமா, இங்கதான் ஒக்காந்துகினு கீறாங்க" என்பது மட்டும் காதில் விழுந்தது.

"யாரு?"

"உங்க வக்கீலம்மாதான். ஆச்சான்னு கேட்டாங்க."

வேண்டா விஜயகுமாரிக்கு அடித்துக் கேட்டாள். அவர்தான் பேசியிருந்தார். சரி, இது ஒன்று உண்மை.

டிஸ்க் முடிந்தது. முஜீப் அதைத் திரும்பப் படிக்கவைத்தான். வந்த அறுபத்துநாலு எழுத்துகள் தாளில் இருந்தவை இல்லை. முதல் எழுத்தே வேறு.

"மாத்திட்ட," என்றாள் வேண்டா. குரலை உயர்த்தவில்லை.

"நான் ஏன்க்கா மாத்தணும்?"

"ஜெகதீசன் கோப்பு மேசை மேல கீது."

முஜீப் கோப்பைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். "இந்தத் தெருவுல எல்லாரும் எங்கிட்டதான் ஜெராக்ஸ் எடுக்கறாங்க. அதுக்குன்னு எல்லார்க்கும் கூட்டாளியா நானு? டிஸ்க் மட்டமா இருக்கும். வேற கம்பெனி போட்டுப் பாக்கலாம்."

மணி இரண்டரை. மூன்றாவது டிஸ்க்கை அவளே உறை கிழித்துக் கொடுத்தாள். டிரைவ் கதவு மூடும்வரை கண்ணை எடுக்கவில்லை. கம்பெனி வேறு, நிறம் வேறு. எழுதி முடித்துப் படித்தபோது அதுவும் சேரவில்லை.

முஜீப் நெற்றியைத் துடைத்தான். "பேஜாரா கீதுக்கா. டிரைவே போச்சோ என்னமோ."

முதலில் வந்த தப்பான எழுத்துகளை வேண்டா தாளின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தாள். இப்போது வந்ததை அதன்மேல் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணு பாய்."

"எது?"

"தப்பு. ரெண்டு தபாவும் ஒரே தப்பு."

முஜீப் குனிந்து பார்த்தான். அறுபத்துநாலும் ஒன்றாகவே இருந்தன.

"ஐஸு உருகினா ஒவ்வொரு தபா ஒவ்வொரு எடை வரும்," என்றாள். "திருடினாலும் அப்படித்தான். எத்தினி தபா போட்டாலும் அதே அளவு எச்சா வந்துச்சுன்னா, அது பொட்டியோட எடை. பொட்டியக் கழிக்காம எடை போட்டுட்ட."

"டிஸ்குல ஏதுக்கா பொட்டி?"

"அது உனக்குத்தான் தெரியணும்."

தாளின் அடியில் இன்னொரு எண் இருந்தது: கோப்பின் அளவு. முந்நூறு கோடிச் சொச்சம் பைட். முஜீப் டிஸ்க்கின் அளவைக் கேட்டான். இருபதாயிரத்து நானூற்று எண்பது பைட் அதிகமாகக் காட்டியது. அந்த வாலை மட்டும் தனியாக எடுத்துத் திறந்தான். திரை முழுக்க வெறும் பூஜ்யங்கள்.

"எழுதி முடிச்சதும் கடைசியில டிரைவே பூஜ்யம் போட்டு ரொப்பி விடுது," என்றான் மெதுவாக. "நான் அதையும் சேத்துப் படிச்சிருக்கேன்."

தாளில் இருந்த அளவுக்கு மட்டும் படிக்கச் சொன்னான். ஐந்து நிமிடம் ஆனது. புது வரிசை வந்தது. கடைசியில் சி, நாலு, பூஜ்யம், எஃப். தாளிலும் அதுவே.

"சேந்துடுச்சுக்கா."

"மொத்தமும் படி."

அறுபத்துநாலையும் படித்தான். அவள் ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்தாள். இரண்டாவது டிஸ்க்கையும் அப்படியே பார்க்கச் சொன்னாள். அதுவும் சேர்ந்தது. இரண்டையும் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இப்பயாவது நம்புறீங்களா?"

"டிஸ்க்க நம்புறேன்," என்றாள்.

கோர்ட்டில் கம்ப்யூட்டர் பார்க்கிற கோதண்டராமன் டிவிடியைப் போட்டார். மணி மூன்று நாற்பது. வெகுநேரம் திரையைப் பார்த்தார். பிறகு அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"சேரலையேம்மா. இதுல யாராவது கை வெச்சாங்களா?"

அவர் முகத்தில் இருந்தது அவளுக்குப் பழக்கமான பார்வைதான். மத்தியானம் முழுக்க அவளே வைத்திருந்த பார்வை.

"டிஸ்க்கு அளவு எத்தினி காட்டுது சார்? தாள்ல அடியில ஒரு அளவு போட்டுக்கீது. ரெண்டையும் பாருங்க."

அவர் பார்த்தார். புருவம் சுருங்கியது.

"இருபதாயிரத்துச் சொச்சம் எச்சா வருதா? அது பொட்டி சார். உள்ள வெறும் பூஜ்யம். தாள்ல கீற அளவுக்கு மட்டும் படிக்கச் சொல்லுங்க."

"உனக்கு யாரும்மா சொன்னது இதெல்லாம்?"

"தராசு புடிக்கிறேன் சார்."

அவர் ஏதோ அடித்தார். வேண்டா மேசையைச் சுற்றித் திரை தெரியும் பக்கம் வந்தாள்.

"அந்தப் பக்கம் நில்லும்மா."

"நிக்கிறேன் சார். நீங்க போடுங்க."

அவள் நகரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் நாலுக்கு மூன்று நிமிடம் இருந்தபோது வரிசை வந்தது. கோதண்டராமன் கடைசி நாலு எழுத்தைத் தாளோடு பார்த்தார். ரசீதுப் புத்தகத்தைக் கிட்டே இழுத்து முத்திரையைக் கையில் எடுத்தார்.

"சேந்துடுச்சு."

வேண்டா பேனாவைத் திறந்தாள்.

"மொத்தமும் படிங்க சார்," என்றாள்.