கிதாமுரா விட்டுவைத்த இடம்

அபுதாபியை அடுத்த ருவைஸில் எண்ணெய் ஆலையை விரிவாக்கும் வேலையை ஒரு ஜப்பான் கம்பெனி எடுத்திருந்தது. 2007இல் நான் அதில் தர ஆய்வுப் பிரிவின் மூத்த இன்ஜினியர். என் மகன் முகிலன் அதே கம்பெனியில் பாதுகாப்புப் பிரிவில் ஜூனியர். சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சேர்த்துவிட்டது நான்தான்.

ஜப்பான்காரர்களோடு வேலை பார்க்காதவர்களுக்கு அவர்கள் பழக்கங்களைச் சொன்னால் சிரிப்பு வரும். காலை ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் பியானோ இசை ஒலிக்கும். மேனேஜரிலிருந்து கூலியாள் வரை எல்லோரும் வரிசையில் நின்று கையை வீசி, குனிந்து நிமிர வேண்டும். ஆபீஸ் வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு ரப்பர் செருப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். கழிவறைக்குள் போக அதற்கென்று இன்னொரு ஜோடி. லீவு முடிந்து வருகிறவர் ஆளுக்கொன்றாகக் காகிதம் சுற்றிய தின்பண்டம் கொண்டுவந்து, இரண்டு கையாலும் கொடுப்பார். தேநீர் குடித்த கோப்பையை மேனேஜரே கழுவிக் கவிழ்த்து வைப்பார். இவை எல்லாவற்றையும் நான் பொறுத்துக்கொண்டேன். விரலை நீட்டிக் கத்துவதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஒரு வால்வையோ பிணைப்பையோ சரிபார்த்தால் கண்ணால் பார்ப்பது போதாது. அதற்கு நேராகக் கையை நீட்டி, விரலால் சுட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்லி, "யோஷி!" என்று முடிக்க வேண்டும். சரியாக இருக்கிறது என்று பொருள். கட்டடத்துக்கு வெளியே கட்டிய சாரத்தில் நூறு பிணைப்பு இருந்தால் நூறு முறை கத்த வேண்டும்.

கேம்ப் மெஸ்ஸில் நம் ஆட்கள் இதை வைத்து ஒரு நாடகமே போடுவார்கள். தட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் விரலை நீட்டுவான். "சோறு யோஷி! சாம்பார் யோஷி!" அடுத்தவன் சட்டியை எட்டிப் பார்ப்பான். "கறி மாஃபி!" அரபியில் இல்லை என்று பொருள். மெஸ்ஸே அதிரும்.

முகிலன் சாரத்தில் ஏறிக் கத்துவதை ஒருநாள் கீழே நின்று பார்த்தேன். கீழே இரண்டு ஹெல்பர்கள் அவன் குரலைப் போலச் செய்துகாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் தாத்தா கிராம முன்சீப்பாக இருந்தவர். அவர் தெருவில் வந்தால் பேச்சு நிற்கும். அன்று இரவு சாப்பிடும்போது மகனிடம் சொன்னேன்.

"என்னடா, கம்பிகிட்ட பேசிட்டு வர்றியா தினமும்?"

"அது ரூல்ப்பா. மேனேஜர் கிதாமுரா சாரே பண்றாரு."

"அவங்க ஊர்ல அது பழக்கம். நீ படிச்சவன். உனக்குக் கண்ணு இல்லையா? கூலிக்கு வர்றவன் உன்னப் பாத்துச் சிரிக்கிறான்."

என் மனைவி நளினியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். முகிலன் தலை குனிந்தபடி ரசத்தை ஊற்றிக்கொண்டான்.

அடுத்த இரண்டாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி வாக்கில், ராமையா என்ற ஆள் ஒன்பது மீட்டர் உயரச் சாரத்திலிருந்து, நின்றிருந்த பலகையோடு விழுந்தார். கமுதிப் பக்கத்துக்காரர், நாற்பத்திரண்டு வயது. மனைவி மாரியம்மாளும் இரண்டு பெண் குழந்தைகளும் ஊரில். தம்பி சுரேஷ்குமார் அதே கேம்ப்பில் வெல்டர். மருத்துவமனையில் மதியம் வரை மூச்சு இருந்தது. பிறகு நின்றுவிட்டது.

பலகையின் ஒரு முனை கட்டப்படவே இல்லை. ஆனால் சாரத்தின் ஏணியில் பச்சை அட்டை தொங்கியது. மேலே ஏறி எல்லாவற்றையும் பார்த்தாயிற்று, ஆட்கள் ஏறலாம் என்பதற்கான அட்டை அது. அதில் முகிலனின் கையெழுத்து இருந்தது.

"நான் மேல ஏறல, அப்பா," என்றான் அன்று மாலை. "கீழ நின்னே பாத்துட்டு மாட்டிட்டேன். நாலஞ்சு நாளாவே அப்படித்தான். எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு..."

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"கிதாமுரா சார்கிட்ட சொல்லிட்டேன்."

கிதாமுரா எங்கள் தள மேலாளர். அறுபதை நெருங்கியவர், குள்ளமான மனிதர், அதிகம் பேசமாட்டார். மறுநாள் மாலை அவர் எங்கள் வீட்டுக்கே வந்தார். வாசலில் ஷூவைக் கழற்றி, குனிந்து, முனைகள் வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். நளினி கொடுத்த காபியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு தன் சிக்கனமான ஆங்கிலத்தில் சொன்னார். நாளை மாலை ஏழு மணிக்கு ராமையாவின் தம்பியையும் அறைத் தோழர்களையும் பார்க்கக் கேம்ப்புக்குப் போகிறேன். முகிலன் என்னோடு வர வேண்டும். தகப்பனாகிய நீங்களும் வர வேண்டும். எங்கள் ஊரில் இளைஞன் ஒருவன் தவறு செய்தால் அவனுடைய மேலதிகாரியும் பெற்றவரும் கூடவே போய்த் தலைகுனிவார்கள். மூவரும் சேர்ந்து குனிவோம். நீங்கள் எதுவும் பேசத் தேவையில்லை.

"தலை குனிந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும்," என்றேன் நான். "இது ஜப்பான் அல்ல. போலீஸ் அவனுடைய பாஸ்போர்ட்டைப் பிடித்து வைக்கும்."

போலீசுக்கான அறிக்கையில் தன் பெயரைத்தான் எழுதப்போவதாகச் சொன்னார் அவர். இந்தப் பையன் மேலே ஏறுகிறானா என்று நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அதனால் அது என் தவறு. காகிதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் குனிவதை அவனுக்காக நான் செய்ய முடியாது, என்றார்.

"நான் வர்றேன் சார்," என்றான் முகிலன்.

"உக்காருடா," என்றேன்.

கிதாமுரா என் முகத்தைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தை. கோப்பையைத் தானே எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறைத் தொட்டியில் வைத்தார். விடைபெறும்போது என்னிடம், ஏழு மணி, என்று மட்டும் சொன்னார்.

அவர் போனதும் முகிலன் என் எதிரில் நின்றான். "அப்பா, போயிட்டு வந்துர்றேன்ப்பா. ஒரு அஞ்சு நிமிஷம்."

"எதுக்கு? கேம்ப்ல முந்நூறு பேருக்கு நடுவுல நீ தலையக் குனிஞ்சு நிப்ப, நான் பக்கத்துல நிக்கணுமா? நம்ம குடும்பத்துல எவனும் அப்படி நின்னதில்ல."

"செத்தது நான் மாட்டின அட்டையாலப்பா."

"வாய மூடு. இந்த வார்த்தை இனி இந்த வீட்டுல வரக் கூடாது."

நளினி அழுதாள். யார் பக்கம் அழுதாள் என்று எனக்குத் தெரியவில்லை.

கம்பெனியில் பாஸ்போர்ட்களை வைத்திருந்த பிரிவில் பாஸ்கர் என்று ஒரு நண்பர் இருந்தார். நளினியின் அப்பா சீரியஸ், அவளும் பையனும் உடனே ஊருக்குப் போக வேண்டும் என்று மறுநாள் காலை அவரிடம் சொன்னேன். என் மாமனார் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. கருமாதிக்கு நான் லீவு வாங்கியதே பாஸ்கர் மூலமாகத்தான். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். எதுவும் கேட்காமல் இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக் கொடுத்தார்.

அபுதாபி விமான நிலையத்துக்கு இருநூற்று நாற்பது கிலோமீட்டர். முகிலன் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தான். சிறு வயதிலிருந்தே என் பேச்சை மீறாத பிள்ளை. அன்றும் மீறவில்லை. மணல் காற்று ரோட்டின் குறுக்கே ஓடிக்கொண்டிருந்தது. தாரிஃப் என்ற ஊரைத் தாண்டியதும் ஒருமுறை, "மணி என்னம்மா?" என்று கேட்டான். அவ்வளவுதான்.

விமான நிலையத்தில் உள்ளே போகும் முன் திரும்பி வந்தான். "நீங்க மட்டுமாவது ஏழு மணிக்குப் போங்கப்பா. எனக்காக."

"பாக்கலாம்," என்றேன்.

போனேன். எதற்காகப் போனேன் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அங்கே யாராவது என் மகன் பெயரைச் சொல்கிறார்களா என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன்.

மெஸ் ஹாலில் மேசைகளை ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். இருநூறு பேருக்கு மேல் இருந்தும் சத்தமே இல்லை. நடுவில் சுரேஷ்குமார் நின்றான், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அருகில் கேம்ப் பொறுப்பாளர் கௌஸ் முகம்மது, மொழிபெயர்த்துச் சொல்வதற்காக. கிதாமுரா கறுப்பு சூட்டும் கறுப்பு டையும் அணிந்திருந்தார். ஜூலை வெயிலின் சூடு இறங்காத அந்த ஹாலில் ஒரு பொத்தானைக்கூட அவர் தளர்த்தியிருக்கவில்லை.

நான் வாசலுக்கு உள்ளே, சுவரோரம் நின்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டார். எனக்குப் பின்னால் முகிலன் வருகிறானா என்று பார்த்தார். யாரும் வரவில்லை. அப்போது அவர் இடப்பக்கமாக ஓர் அடி நகர்ந்து நின்றார். அவருக்கு வலப்பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குத் தரை காலியானது.

அது யாருக்கான இடம் என்று அந்த ஹாலில் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரியும். பத்துப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போய்விடலாம். நான் கையைக் கட்டிக்கொண்டேன்.

கிதாமுரா சற்றுக் காத்திருந்தார். பிறகு கைகளைத் தொடையோடு ஒட்டி, இடுப்பிலிருந்து குனிந்தார். முதுகு தரைக்குச் சமமாக வளைந்தது. அப்படியே இருந்தார். நம் ஆட்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒருவர் தொப்பியைக் கழற்றினார். பின்னால் யாரோ, "என்னப்பா இது, பெரிய மனுசன்..." என்று முணுமுணுத்தார். கிதாமுராவின் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. அவர் நிமிரவில்லை.

சுரேஷ்குமார் பதறிப்போய் அவர் தோளைப் பிடித்தான். "நிமிருங்க சார். எங்கப்பன் வயசு உங்களுக்கு. நீங்க குனிஞ்சா எங்களுக்குப் பாவம் சார். கௌஸ் பாய், சொல்லுங்க பாய் அவருகிட்ட."

கௌஸ் பாய் ஆங்கிலத்தில் சொன்னார். கிதாமுரா நிமிர்ந்து, தவறு என்னுடையது, உங்கள் அண்ணனை நான் திருப்பித் தர முடியாது, என்றார். கௌஸ் பாய் அதைத் தமிழில் சொன்னார்.

சுரேஷ்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அந்தச் சின்ன இன்ஜினியர் வரலையா? முகிலன் சாரு?"

நான் இன்னும் கொஞ்சம் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

"அட்டையில அவரு கையெழுத்துன்னு எல்லாருக்கும் தெரியும்," என்றான் அவன். "அவரப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும். எங்கண்ணனுக்கு அவருன்னா உசுரு. தினம் காலைல, 'என்னண்ணே, சாப்பிட்டீங்களா'ன்னு கேப்பாராம். இத்தன வருசத்துல எந்த இன்ஜினியரும் என்னய அண்ணேன்னு கூப்பிட்டதில்லடான்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். சின்னப் புள்ள, தெரியாமச் செஞ்சுருக்கும். மனசு உடைஞ்சு ஏதும் பண்ணிக்கிறப் போறாரு. கூட்டியாங்க சார் அவர. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

கிதாமுரா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எல்லோரும் என்னைப் பார்த்திருப்பார்கள். அந்த மரியாதையை அவர் எனக்குச் செய்தார்.

வெளியே வந்து காரில் உட்கார்ந்தேன். அந்நேரம் முகிலனின் விமானம் கடலுக்கு மேலே இருந்திருக்கும்.

போலீஸ் விசாரணை மூன்று மாதம் நடந்தது. கிதாமுரா சொன்னபடியே தன் பெயரைத்தான் எழுதியிருந்தார். அதுவரை அவர் பாஸ்போர்ட் அவர்களிடம் இருந்தது. பிறகு கம்பெனி அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டது. போகிற நாளில் ஒவ்வொரு மேசையாக வந்து விடைபெற்றார். என் மேசைக்கும் வந்தார். முகிலன் நலமா என்று கேட்டார். நலம் என்றேன்.

அது பொய். ஊருக்குப் போன முகிலன் திரும்பி வரவே இல்லை. வேலையை விட்டுவிட்டதாகக் கடிதம் அனுப்பிவிட்டான். சுரேஷ்குமார் சொன்னதை நான் அவனிடம் சொல்லியிருக்க வேண்டாம். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து அந்த வாரமே போனில் சொன்னேன்.

"என்னையத் தேடுனாங்களா?" என்றான்.

"அவங்களுக்கு உன்மேல கோபமே இல்லடா."

"தேடும்போது நான் அங்க இல்லையேப்பா," என்று போனை வைத்துவிட்டான்.

அதன்பிறகு கமுதிக்குப் போய், ராமையாவின் மனைவி மாரியம்மாளின் ஊர் பஸ் நிறுத்தம் வரை இரண்டு முறை நடந்திருக்கிறான், வீட்டுக்குள் போகாமல் திரும்பியிருக்கிறான். இது நளினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஓடிப்போன மூஞ்சியோடு எப்படிம்மா நிக்கிறது என்று கேட்டானாம்.

அவன் பெயர் எந்தப் போலீஸ் காகிதத்திலும் இல்லை. சொந்தக்காரர்கள் யாருக்கும் எதுவும் தெரியாது. அதைத்தான் நான் காப்பாற்ற நினைத்தேன், காப்பாற்றியும்விட்டேன். வேறு எந்தத் தகப்பனும் அந்த நிலைமையில் இதைத்தான் செய்திருப்பான் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு.

2009இல் லீவில் போனபோது மதுரையில் அவன் தனியாக எடுத்திருந்த வீட்டுக்குப் போனேன். ஒரு மருந்துக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். கதவைத் திறந்தவன் ஒதுங்கி நின்று, "வாங்க," என்றான். "உக்காருங்க." மின்விசிறியைப் போட்டான். தண்ணீர் கொண்டுவந்தான். பிரயாணமெல்லாம் சௌகரியமா என்று கேட்டான். கடையில் காபி வாங்கிவரச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். முதல்முறை வருகிற சம்பந்தி வீட்டாருக்குச் செய்கிற மாதிரி எல்லாவற்றையும் செய்தான், ஒன்றிலும் குறை வைக்கவில்லை. நான் கிளம்பும்போது பஸ் ஏற்றிவிட வந்தான்.

வீட்டுக்குள் இருந்த அந்த ஒரு மணி நேரத்தில் அவன் ஒருமுறைகூட என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. பஸ் கிளம்பும்போதாவது கூப்பிடுவான் என்று ஜன்னல் பக்கம் தலையை நீட்டி உட்கார்ந்திருந்தேன்.

"போயிட்டு வாங்க," என்றான்.