நெருப்பில்லாச் சமையல்

எல்லாரும் சமம் என்பதன் விலை இணையத்தில் சைபர் ரூபாய். திரையின் ஓரத்தில் ஓடும் பொடுகு ஷாம்பு விளம்பரத்தைச் சகித்துக்கொண்டால் போதும். அந்தச் சமத்துவத்தை நிறுத்திவைக்கத்தான் மாதம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது ஆகும், வரி தனி. இந்த விலை நிலவரம் பூர்ணிமா டீச்சருக்குத் தெரியவந்த கதை, புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அவள் குடியிருந்த வாடகை வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொடங்கியது.

கூடத்து நாற்காலியில் வீட்டின் சொந்தக்காரர் புருஷோத்தமன் உட்கார்ந்திருந்தார். பெரிய மார்க்கெட் பக்கம் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். வாடகைக்கு வந்தால் வாசலோடு போகிறவர், அன்று ஒரு சீப்பு ரஸ்தாளியும் அரைக் கிலோ மிக்சருமாக உள்ளேயே வந்துவிட்டார். அவர் கடையில் ஒரு ஆணிகூடக் கொசுறாக விழாது. அப்படிப்பட்ட கையிலிருந்து பழம் வருகிறதென்றால் பின்னாலேயே பில்லும் வருகிறது என்று பூர்ணிமாவுக்குப் புரிந்துவிட்டது. அவள் கணவன் கமலக்கண்ணனுக்குப் புரியவில்லை. அவன் பாட்டுக்குக் காபியை ஆற்றி ஆற்றி, "சாப்புடுங்கண்ணே" என்று நீட்டிக்கொண்டிருந்தான்.

புருஷோத்தமனின் மகன் இளஞ்செழியன், பூர்ணிமாவின் ஏழாம் வகுப்பில் படிக்கிறான். வருகிற சனிக்கிழமை பள்ளியில் நெருப்பில்லாச் சமையல் போட்டி. அடுப்பு கிடையாது. குழுவுக்கு ஆறு பேர். ஐந்து பேர் ஆளுக்கொரு பொருள் கொண்டுவர, ஒருத்தர் பிசைய, எலுமிச்சை அவல் செய்து எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து தின்ன வேண்டும். யார் எந்தக் குழு, யார் என்ன கொண்டுவருவது, யார் பிசைவது என்பதையெல்லாம் வெள்ளிக்கிழமை பூர்ணிமா சக்கரத்தைச் சுற்றவிட்டு முடிவுசெய்திருந்தாள்.

அந்தச் சக்கரம் அவள் செல்போனில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஸ்மார்ட் போர்டு உண்டு. அதற்கென்று பெற்றோரிடம் தனியாகக் கட்டணமும் உண்டு. ஆனால் போர்டு மேல் போர்த்திய துணியை ஆண்டுவிழாவுக்குத்தான் எடுப்பார்கள். பூர்ணிமா பாடம் நடத்துவதெல்லாம் காசு கேட்காத தளங்களை வைத்துத்தான். இரத்த ஓட்டத்தைக் காட்டும் அசையும் படங்கள் ஒன்றில், வினாடி வினா ஒன்றில், பயிற்சித் தாள்கள் இன்னொன்றில். டேட்டா அவளுடையது, திரை வகுப்பறைச் சுவர். எல்லாவற்றிலும் பிள்ளைகள் உயிரை விடுவது பெயர் பொறுக்கும் சக்கரத்துக்குத்தான். முப்பத்தாறு பெயரையும் போட்டுத் தட்டினால் அது டிக் டிக்கென்று சுற்றி ஒரு பெயரில் நிற்கும். அதற்கு யாருடைய அப்பாவையும் தெரியாது. கடைசி பெஞ்சில் வாயே திறக்காத பிள்ளைகள்கூட, சக்கரம் கூப்பிட்டால் எழுந்து வந்து பதில் சொன்னார்கள்.

"எம் புள்ள குரூப்புல பெசையறது யாரு தெரியுமாம்மா?" என்றார் புருஷோத்தமன்.

"அபி."

"அவங்கம்மா இன்னா வேல செய்யுது?"

"கோரிமேட்டு ஆஸ்பத்திரில துப்புரவு வேல."

"அப்பறம்?" என்றார், கூட்டல் போட்டு அடிக்கோடும் இழுத்துவிட்டவரைப் போல.

அவரே தொடர்ந்தார். "நான் சாதி பாக்கறவன் கெடயாதும்மா. தம்பிக்குத் தெரியும். சுத்தம் பாக்கறவன். அவ்ளோதான்."

இளஞ்செழியனின் சுத்தத்தை வகுப்பு அறியும். மூக்கை நோண்டி மேஜைக்கு அடியில் ஒட்டுவதில் அவன் கைதேர்ந்தவன்; அந்த மேஜையைத் தூக்கி நகர்த்தும்போது கையை எங்கே வைப்பது என்று மற்றப் பிள்ளைகள் யோசிப்பார்கள். அபியோ, ஆஸ்பத்திரிச் சுவரில் கை கழுவும் முறை என்று ஒட்டியிருப்பதை அவள் அம்மா வீட்டில் சொல்லிக்கொடுக்க, மதியச் சாப்பாட்டுக்கு முன் விரலிடுக்கு, நகக்கண் என்று தேய்த்துத் தேய்த்துக் குழாயடியில் வரிசையையே நிறுத்திவைப்பவள். இதைச் சொல்லலாமா என்று பூர்ணிமா வாயெடுப்பதற்குள் கமலக்கண்ணன் முந்திக்கொண்டான்.

"மாத்திருவாண்ணே. இதுல இன்னா இருக்கு?"

"மாத்தினா புள்ளைங்களுக்குத் தெரிஞ்சிரும்ங்க. சக்கரம் போட்டத மிஸ் ஏன் மாத்தினாங்கன்னு கேப்பாங்க."

"மிஷினுக்கு இன்னாம்மா தெரியும்?" என்று சிரித்தார் புருஷோத்தமன். எழுந்து வாசலில் செருப்பை மாட்டும்போது, அடுத்த மாதம் வாடகை ஒப்பந்தம் முடிகிறது, தம்பி ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும் என்றார். பில் வந்துவிட்டது.

திங்கட்கிழமை தாளாளர் கிருஷ்ணசாமி கூப்பிட்டனுப்பினார். பிரெஞ்சு அரசின் பென்ஷன் வாங்கும் குடும்பம். ஜூலை பதினாலாம் தேதி, பிரெஞ்சு தேசிய நாளுக்கு, கோட்டு மாட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய், சுதந்திரம் சமத்துவம் சகோதரத்துவம் என்று பிரெஞ்சிலேயே முழங்கிவிட்டு வருகிறவர். அவர் மேஜைமேல் மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் குழு பிரிக்கும் வேறொரு தளம். காசு கட்டினால் அதில் கூடுதலாக ஒரு பெட்டி திறக்கும். அதன் தலைப்பு, சேரக்கூடாதவர்கள். எந்த ஊரிலோ, அடித்துக்கொள்கிற இரண்டு பிள்ளைகளைப் பிரித்துவைக்க யாரோ நல்ல மனதோடு செய்த பெட்டி. அது புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த காரியம் வேறு.

சந்தாவைப் புருஷோத்தமனே கட்டிவிட்டாராம். வகுப்புக்கு ஒரு கட்டுச் சார்ட் பேப்பர் கேட்டபோது மூன்று தடவை பேரம் பேசியவர் அவர்.

இது தப்பு சார் என்றாள் பூர்ணிமா. அந்தப் பெண் மூன்று நாளாகப் பிசைந்து பழகுகிறாள், இப்போது இல்லையென்று எப்படிச் சொல்வது என்றாள். கிருஷ்ணசாமி தலையாட்டிக் கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு பெற்றோருக்கு மட்டும் செய்தால்தான் தப்பு, பாரபட்சம் என்று பேச்சு வரும் என்றார். அவருக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. முகம் பண்டிகைத் தள்ளுபடி அறிவிக்கிற கடைக்காரர் முகமாகியிருந்தது.

"எல்லாப் பேரண்ட்டயும் கேட்டுருங்க மிஸ். பெற்றோர் விருப்பம்னு பேரு வச்சிக்கலாம். சொல்றத அப்பிடியே போட்ருங்க. நம்ம யாருக்கும் பாரபட்சம் இல்ல."

அவளையே தட்டச்சு செய்யவைத்து, ஏழாம் வகுப்புப் பெற்றோர் அனைவருக்கும் செய்தி போயிற்று. தங்கள் குழந்தையை யாருடன் சேர்க்க வேண்டாம் என்பதை ஆசிரியைக்குத் தனியாகத் தெரிவிக்கலாம்.

காய்ச்சல் விடுப்புக்குக்கூட மூன்று நாள் கழித்துப் பதில் போடுகிற பெற்றோர், அன்று சாயங்காலத்துக்குள் கொட்டிவிட்டார்கள். செல்போன் சமையல் மேடைமேல் துடித்துக்கொண்டே இருந்தது. ஒருத்தருக்குக் கருவாட்டு வாடை ஆகாது. அதனால் கடலோரக் காலாப்பட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் வேண்டாம். ஒருத்தர் வீட்டில் முட்டைகூடத் தொடுவதில்லை. பாதி வகுப்பு வேண்டாம். அர்ஹம் நல்ல பையன்தான், ஆனாலும் வேண்டாம் என்று நாலைந்து பேர், நாலைந்து பேரும் நல்ல பையன் என்பதை மறக்காமல் எழுதியிருந்தார்கள். அலர்ஜி என்றார்கள், பேச்சு சரியில்லை என்றார்கள், பழக்கவழக்கம் என்றார்கள். ஒருவராவது சாதி என்ற சொல்லை எழுதவில்லை. பட்டுத் துணியில் சுற்றிப் பீயைக் கொடுத்தனுப்பியதுபோல இருந்தது பூர்ணிமாவுக்கு. அபியின் பெயர் ஏறக்குறைய எல்லாருடைய பட்டியலிலும் இருந்தது.

இன்னொரு பெயரும் அடிக்கடி வந்தது. ஹார்டுவேர் கடைப் பையன் வேண்டாம். தம்மைவிட ஒரு படி மேல் என்று நினைத்துக்கொண்டிருக்கிற வீடுகளிலிருந்து வந்தவை அவை. 'அவங்கல்லாம் காசு வந்துட்டதால நம்ம கூட உக்காந்துட முடியுமா மிஸ்' என்று ஓர் அம்மா, சிரிக்கும் முகம் ஒன்றையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

அபியின் அம்மா சுமலதாவுக்கு எழுத்து ஓடாது, குரலை அனுப்பியிருந்தாள். பின்னால் வார்டில் ஸ்ட்ரெச்சர் உருளும் சத்தம்.

"மிஸ், யாரு கூட வேணா போடுங்க. பொண்ணு தெனிக்கும் அவல ஊற வச்சி பெசஞ்சி எனக்கு ஊட்டிகினு கெடக்குறா. உப்பு மட்டும் சரியா வரல. அத்த கொஞ்சம் பாத்துக்குங்க."

பூர்ணிமா அதை இரண்டாம் முறை கேட்கவில்லை. எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து, மீதிச் செய்திகளை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் ஏற்றினாள். யார் சொன்னதையும் குறைக்கவில்லை, கூட்டவில்லை. கடைசியில் பொத்தானை அமுக்கினாள். காசு வாங்கிய தளம் சற்று நேரம் வட்டமடித்துவிட்டுச் சிவப்பு எழுத்தில் கையை விரித்தது. இந்த விதிகளுக்குள் குழு அமைக்க முடியாது. விதிகளைத் தளர்த்துங்கள், அல்லது ஒவ்வொரு மாணவரையும் தனிக் குழுவாக்குங்கள்.

கமலக்கண்ணன் எட்டிப் பார்த்தான். "நாலஞ்சி பேரு சொன்னத எடுத்துட்டாப் போச்சி. அனுசரிச்சிப் போவியா..."

"யாரு சொன்னத எடுக்கட்டும்? ஒங்க அண்ணன் சொன்னதயா?"

அவன் மிக்சர் டப்பாவை மூடிவைத்துவிட்டுப் போய்விட்டான்.

அவள் இரண்டாவது வழியைத் தொட்டாள். முப்பத்தாறு குழு வந்தது. அதைத் தாளாளருக்கு அனுப்பி, இப்படியே செய்துவிடலாமா சார் என்று கேட்டாள். கிருஷ்ணசாமி திறந்து பார்த்தாரோ இல்லையோ, கட்டைவிரலை உயர்த்தும் படம் உடனே வந்தது.

சனிக்கிழமை, பள்ளியின் பெரிய கூடம் நிறையப் பெற்றோர். நடுவராக, அரசுப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற ஜீனத்துன்னிசா அம்மா வந்திருந்தார். மணி அடித்ததும் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவரும் தனியாக, கைக்கெட்டாத தூரம் விட்டு. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வாழையிலை, பெரும்பாலோர் முன்னால் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு கிண்ணம். ஒரு கிண்ணத்தில் ஊறவைத்த அவல். ஒன்றில் வெறும் எலுமிச்சைச் சாறு. ஒன்றில் நறுக்கிய வெங்காயம், ஒன்றில் பச்சை மிளகாய். இளஞ்செழியனுக்குச் சக்கரம் கொடுத்திருந்த பொருள் உப்பு. அவன் ஒரு கிண்ணம் உப்பை முன்னால் வைத்துக்கொண்டு, இதை இப்போது தின்ன வேண்டுமா என்று அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தான்.

புருஷோத்தமன் எழுந்து வந்தார். "இது இன்னா மிஸ் கூத்து?"

"நீங்க காசு கட்னதுதாங்க," என்றாள் பூர்ணிமா. சத்தத்தை உயர்த்தவில்லை, கூடம் அமைதியாக இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. "அவங்கவங்க வேணாம்னு சொன்னவங்கள அவங்கவங்க கூட சேக்கல. அப்பறம் மிச்சம் இவ்ளோதான்."

"நான் அந்த ஒரு பொண்ணத்தானே சொன்னேன். எம் புள்ளய எதுக்குத் தனியா உக்கார வச்ச?"

"உங்க புள்ளய வேணாம்னும் சொல்லியிருக்காங்க."

"எம் புள்ளயா? எவன்?"

"பேர் சொல்லக் கூடாதுங்க. அதுவும் பெற்றோர் விருப்பம்தான்."

புருஷோத்தமன் திரும்பிப் பெற்றோர் வரிசையைப் பார்த்தார். அவர் பார்வை பட்ட இடத்திலெல்லாம் தலைகள் கைபேசிக்குள் குனிந்தன. அப்புறம் அவர்களும் ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள், யார் யாரைச் சொல்லியிருப்பார்கள் என்று. சிரிக்கும் முகம் அனுப்பிய அம்மா கைப்பையில் எதையோ தேடினார். புருஷோத்தமனின் முகத்தில், எடைக்கல்லில் தானே ஏமாந்துபோன வியாபாரியின் கோபம். அதை யார்மேல் இறக்குவது என்று தெரியாமல், வீட்டைக் காலிசெய்யச் சொல்லி எல்லார் முன்னாலும் பூர்ணிமாவிடமே இறக்கினார். சரிங்க என்றாள். கிருஷ்ணசாமி பக்கத்தில் வந்து, போட்டி முடிந்ததும் அறைக்கு வரச்சொன்னார். அதற்கும் சரி என்றாள்.

அபி கடைசி வரிசையில் இருந்தாள். அவள் முன்னால் கிண்ணம் இல்லை. பிசைகிறவர்களுக்குப் பொருள் எதுவும் கொண்டுவரும் வேலை கிடையாது. காலி இலை மட்டும். முழங்கை வரை கழுவிய இரண்டு கைகளையும், எதிலும் பட்டுவிடாமல், காற்றில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணிக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. பூர்ணிமா அருகில் வந்ததும் கேட்டாள்.

"மிஸ், நான் எப்ப பெசையணும்?"

பூர்ணிமா குனிந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஈரம் அவள் உள்ளங்கைக்கு வந்தது. கையை இறக்கிக்கோடா என்றாள். பசங்க பாவம் மிஸ், வெறும் மொளகாய எப்பிடி சாப்புடுவாங்க என்றாள் அபி.

ஜீனத்துன்னிசா அம்மா வரிசை வரிசையாக நடந்து முடித்துவிட்டு வந்தார். வெங்காயத்தை ஒரு துண்டு, அவலை ஒரு சிட்டிகை, நடுவர் கடமைக்கு வாயில் போட்டுப் பார்த்திருந்தார். உப்புக் கிண்ணத்தின் முன் நின்று, தொடாமல் வந்துவிட்டார். இந்தப் பதார்த்தத்துக்குப் பெயர் என்ன என்று பூர்ணிமாவைக் கேட்டார். நம்ம ஊர் பதார்த்தம்தான்மா என்றாள் அவள். அந்த அம்மா மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பெற்றோரை ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். பிறகு மதிப்பெண் தாளை மேஜைமேல் வைத்து, அவர்கள் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே எழுதினார்.

சுத்தம், பத்துக்குப் பத்து. ருசி, பத்துக்குச் சைபர். கூட்டு முயற்சி, பத்துக்குச் சைபர். மொத்தம், முப்பதுக்குப் பத்து.

ஒரு தடவை கூட்டிப் பார்த்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.