ஒரே மாதிரி ஏழு பாட்டில்கள்

டிப்ஸ் அக்காவின் பேச்சைக் கேட்டு வீட்டில் வினிகர் வாங்கி வைத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். கறை போக, வாடை போக, எறும்பு போக, குழாயில் படிந்த உப்பு போக, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு வழி இருந்தது. கைப்பேசியை அட்டைப்பெட்டியில் சாய்த்து வைத்துவிட்டு, "வாங்க வாங்க, கையில இருக்கிறத வச்சே கலக்கலாம்" என்று ஆரம்பித்தாள் என்றால் எட்டே நிமிடத்தில் ஒரு சமையலறையைப் புரட்டிப் போட்டுவிடுவாள். பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அக்கா என்றே எழுதினார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் வருத்தமும் நிறையப் பெருமையும் உண்டு.

அதிகம் பேர் பார்த்தது பாட்டில் வீடியோ. ஜூஸ் குடித்துவிட்டுத் தூக்கிப் போடுகிற கண்ணாடி பாட்டில்களைச் சேர்த்து வையுங்கள், வெந்நீரில் ஊறவிட்டு லேபிளை உரியுங்கள், மிச்சப் பசையை எண்ணெய் தடவித் துடையுங்கள், பிறகு வரிசையாக அடுக்கிப் பாருங்கள், பெரிய பணக்கார வீட்டுச் சமையலறை தோற்றுப் போகும் என்றாள். அவள் வீட்டில் அப்படி ஏழு பாட்டில்கள். எண்ணெய், வினிகர், பாத்திர சோப்பு, தரை துடைக்கிற திரவம், கேனில் மொத்தமாக வாங்குகிற பாத்ரூம் ஆசிட், எல்லாம் அவற்றில்தான். ஏழும் ஒரே அச்சு, ஒரே உயரம், ஒரே வெள்ளை மூடி. ஒன்றிலும் ஓர் எழுத்து கிடையாது.

அவள் கணவன் ஒரு சாமான் கிடங்கில் மேற்பார்வையாளன். லேபிள் இல்லாத பெட்டி அவன் கிடங்கு வாசலைத் தாண்டாது. "எதுல என்ன இருக்குன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டேன்" என்று அவனும் சொல்லிப் பார்த்தான்.

"இது வீடுங்க, உங்க கிடங்கு இல்ல. எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

அவளுக்குத் தெரியும்தான். கண்ணைக் கட்டிவிட்டால்கூட எடுப்பாள். வீட்டில் இருப்பது அவர்கள் இருவரும் ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற மகளும் மட்டுமே. அவன் அதற்குமேல் வாயைக் கொடுக்கவில்லை.

இந்த விடுமுறைக்கு வீடு மாற்றிக்கொள்கிற யோசனையும் அவளுடையதே. ஏரிக்கரை ஊர் ஒன்றில் இருந்து ஒரு தையல்காரி இரண்டு வருடமாக அவளுக்கு எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வீடியோ விடமாட்டாள். "அக்கா, நீங்க சொன்ன மாதிரி செஞ்சேன்" என்று படம் எடுத்து அனுப்புவாள். புருஷன் பேருந்து ஓட்டுநர், நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, வீட்டில் அதற்குச் சிட்டு என்று பெயர். அந்தச் சிட்டுக்கு நகரத்து மிருகக்காட்சி சாலையைப் பார்க்க ஆசை. டிப்ஸ் அக்காவுக்கு ஏரியைப் பார்க்க ஆசை. நாலு நாள் நீங்கள் எங்கள் வீட்டில் தங்குங்கள், நாங்கள் உங்கள் வீட்டில் தங்குகிறோம், விடுதிக்கு ஒரு காசு வேண்டாம் என்று அக்கா சொன்னபோது தையல்காரிக்குத் தலைகால் புரியவில்லை. "உங்க வீட்டுலயா? நிஜமாவா அக்கா?" என்று மூன்று முறை கேட்டாள்.

வருகிறவர்களுக்காக அக்கா வீட்டைக் கண்ணாடி மாதிரி ஆக்கி வைத்தாள். துண்டு எங்கே, போர்வை எங்கே, எந்தக் குழாயை எந்தப் பக்கம் திருகுவது என்று நாலு பக்கத்துக்கு எழுதி மேசைமேல் வைத்தாள். ஏழு பாட்டில்களில் வினிகர் பாட்டிலைக் காலி செய்து, கழுவி, அதில் எலுமிச்சை ஜூஸ் ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்தாள். "குளிர்பெட்டியில் சிட்டுவுக்காக ஜூஸ் இருக்கிறது" என்று கடைசி வரியில் எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகமும் வரைந்தாள். சாவியை எதிர்வீட்டு நர்ஸிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். இரண்டு குடும்பமும் போகிற வழியில் எங்கோ எதிரெதிர்ப் பேருந்துகளில் கடந்து போயிருக்கும்.

இரண்டாம் நாள் காலை, தையல்காரியின் சமையலறையில் அக்கா வீடியோவுக்குத் தயாரானாள். செலவில்லாத விடுமுறை என்பது தலைப்பு. மகள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டாள். சின்னச் சமையலறைதான். ஆனால் திரும்பிய பக்கமெல்லாம் அக்காவின் கைவரிசை தெரிந்தது. பழைய சட்டைத் துணியில் தைத்த கைப்பிடித் துணி, முட்டை அட்டையில் நட்ட கீரை விதை, ஜன்னல் ஓரம் லேபிள் உரித்த பாட்டில்கள். அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா, சொன்னா செய்யிற பொண்ணு!" என்று கைப்பேசியைப் பார்த்துச் சிரித்தவள், பாத்திரம் கழுவுகிற தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியைத் திறக்கப் போனாள். திறக்க முடியவில்லை. இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து ஒரு பழைய காலுறையால் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. ஒன்று அல்ல, மூன்று முடிச்சு.

"என்னடி இது, உள்ள தங்கமா வச்சிருக்கா? தாழ்ப்பாள் வாங்கக்கூட மனசு வரல போல. நம்மளையே மிஞ்சிட்டா!"

மகள் சிரிக்கவில்லை. கைப்பேசியைத் தாழ்த்தினாள்.

"பாப்பா இருக்குல்லம்மா. ஆசிட்கீசிட் எடுத்துடக் கூடாதுன்னு கட்டியிருப்பாங்க." ஒரு நொடி யோசித்தாள். "அம்மா, நம்ம வீட்டுல கட்டலயே."

அக்காவின் கை அந்த முடிச்சிலேயே நின்றுவிட்டது. தன் வீட்டுத் தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரி கண்முன் வந்தது. தாழ்ப்பாள் இல்லாத அலமாரி. அதில் முன்வரிசையில், குளிர்பெட்டியில் இருப்பதைப் போலவே ஒரு பாட்டில். அதே வெள்ளை மூடி. ஆசிட்டின் நிறம் வெளிர் மஞ்சள். எலுமிச்சை ஜூஸும் வெளிர் மஞ்சள்.

தையல்காரிக்கு அழைத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள், அதே கதைதான். வெளியே ஏரிக்கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கணவன் சத்தம் கேட்டு ஓடி வந்தான். "ஒண்ணும் ஆகியிருக்காது, ஊர் சுத்தப் போயிருப்பாங்க" என்றான். சொன்ன அவன் முகத்திலேயே ஈயாடவில்லை. ஐந்தாவது அழைப்புக்கும் பதில் வராதபோது எதிர்வீட்டு நர்ஸுக்குப் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் நர்ஸ்.

"உங்களுக்குத்தான் போடப் போனேன். அந்த பாட்டில்ல என்ன இருந்துச்சு? சீக்கிரம் சொல்லுங்க."

"எந்த பாட்டில்?" என்று கேட்டாள் அக்கா. எந்த பாட்டில் என்று தெரிந்துகொண்டே கேட்டாள்.

"கீழ அலமாரில இருந்தது. குழந்தை குடிச்சிருச்சு. வாயக் கழுவித் தூக்கிட்டு வந்துட்டோம், ஆஸ்பத்திரில இருக்கோம். டாக்டர் என்னன்னு கேக்குறார். பாட்டில்ல ஒரு எழுத்துகூட இல்ல, நாங்க என்னன்னு சொல்றது?"

அக்காவின் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆயிரம் பேருக்கு வழி சொன்ன வாய். மகள்தான் கைப்பேசியைப் பிடுங்கி, "பாத்ரூம் ஆசிட். கேன் பால்கனில இருக்கு, பச்சை கேன்" என்று சொன்னாள்.

திரும்பி வருகிற பேருந்து நாலு மணி நேரம் எடுத்தது. அந்த நாலு மணி நேரமும் அவளுக்கு ஒரே கணக்குத்தான். ஜூஸை வேறு பாத்திரத்தில் ஊற்றியிருந்தால். ஆசிட்டைக் கேனோடு பால்கனியிலேயே விட்டிருந்தால். நாலு பக்கம் எழுதினாளே, குழாயைத் திருகுவதற்கே ஐந்து வரி எழுதினாளே, "கீழ் அலமாரியைத் திறக்காதீர்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தால். பக்கத்தில் இருந்த கணவன், நான் அன்றைக்கே சொன்னேனே என்று கத்தித் தீர்த்திருந்தால்கூடக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், குழந்தைகள் பிரிவுக்கு வெளியே நீளமான நாற்காலி வரிசை. ஒரு கோடியில் தையல்காரி உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்னச் செருப்பு ஒரு ஜோடி. மறுகோடியில் ஜன்னலைப் பார்த்து நின்றிருந்தான் ஓட்டுநர். இருவருக்கும் நடுவே எட்டு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இரண்டு வருடப் பழக்கத்தில் இந்தப் பெண்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது இதுதான் முதல் முறை.

"அக்கா" என்று எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள் தையல்காரி. "ஒரு வாய்தான் குடிச்சாளாம். உடனே துப்பிட்டா. உதடு, நாக்கு எல்லாம் வெந்து போச்சு. தொண்டைக்குள்ள குழாய் விட்டுப் பாத்தாங்க. உசுருக்குப் பயமில்லன்னு சொல்றாங்க. ஆனா தொண்டை ஆறும்போது சுருங்குமாம், சாப்பிடுறது எப்படி இருக்கும்னு இப்பச் சொல்ல முடியாதாம்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நேத்திலேர்ந்து உங்க ஜூஸ்தான் அக்கா அவளுக்கு. ரொம்பப் பிடிச்சுப் போச்சு. தீந்து போச்சுடின்னு சொன்னேன். இன்னொரு பாட்டில் இருக்குன்னு அவளே கண்டுபிடிச்சிட்டா."

அக்கா அழக்கூட இல்லை. அழுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்று நின்றாள்.

ஓட்டுநர் திரும்பினான். பெரிய உருவம். ஆனால் குரல் எழும்பவே இல்லை.

"உங்கள இப்படிப் பாதியில ஓடி வர வச்சிட்டோம். மன்னிச்சிருங்க" என்றான். "காலைல மிருகக்காட்சி சாலைக்கு டிக்கெட் வாங்க வெளிய போனேன். அரை மணி நேரம்தான். இவ பாத்ரூம் கழுவுறேன்னு கேன்லேர்ந்து ஜூஸ் பாட்டில்ல ஆசிட்ட ஊத்தி, குழந்தை கைக்கு எட்டுற மாதிரி வச்சிருக்கா. வந்த இடத்துல எதுக்கு இந்த வேலை? யாரு கேட்டாங்க?"

அக்கா தையல்காரியைப் பார்த்தாள். தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பிடித்த கை மட்டும் இன்னும் இறுகியது. சும்மா இருங்கள் அக்கா என்று அந்தக் கை கெஞ்சியது. விஷயம் வெளியே தெரிந்தால் அக்காவின் பெயர் என்ன ஆகும் என்று, பெற்ற பிள்ளை உள்ளே கிடக்கும்போது இவள் யோசித்திருக்கிறாள். பின்னால் வந்து சேர்ந்த புருஷனிடம் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

தையல்காரி கையை விட்டுவிட்டுத் தன் நாற்காலிக்குப் போய், செருப்பை மடியில் வைத்து உட்கார்ந்தாள். அக்காவின் கணவன் அவள் முழங்கையைத் தொட்டு ஓரமாக இழுத்தான். "அவங்களே அப்படிச் சொல்லிட்டாங்க" என்று கிசுகிசுத்தான். "நீ இப்ப வாயத் திறக்காத. போலீஸ், கேஸுன்னு ஆயிடும். நம்ம பொண்ணப் பாரு. பணமா எவ்வளவு வேணும்னாலும் செய்வோம்."

அவள் மகளைப் பார்த்தாள். சுவரில் சாய்ந்து நின்றிருந்த மகள் அம்மாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு நிமிட வீடியோவில் அடுத்து அம்மா என்ன சொல்வாள் என்று கைப்பேசிக்குப் பின்னால் இருந்து பார்ப்பாளே, அதே பார்வை. பயம் அக்காவுக்கு இல்லாமல் இல்லை. ஆனால் அந்த எட்டு நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு வாயை மூடியிருக்க அவளால் முடியவில்லை.

"தம்பி" என்றாள். "ஆசிட்ட அந்த பாட்டில்ல ஊத்தினது நான்."

"அக்கா, வேணாம்" என்றாள் தையல்காரி.

"சும்மா இரு. உன் வீட்டுல மூணு முடிச்சுப் போட்டுக் கட்டி வச்சிருக்க, நான் பாத்துட்டுத்தான் வரேன்." ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். "லேபிள உரிச்சது நான். அதே மாதிரி பாட்டில்ல ஜூஸ் ஊத்தி வச்சதும் நான். சின்னக் குழந்தை வருதுன்னு தெரிஞ்சும் அலமாரியப் பத்தி ஒரு வார்த்தை எழுதல. இவமேல ஒரு தப்பும் இல்ல. என் பேரு கெட்டுரும்னு பொய் சொல்லியிருக்கா."

ஓட்டுநர் வெகுநேரம் அவளையே பார்த்தான். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் நின்றாள். அவளைத் தாண்டி நடந்து போனான். காலியாகக் கிடந்த நாற்காலிகளைக் கடந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் மடியில் இருந்த செருப்பில் ஒன்றை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். தையல்காரி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலே, "நீங்க போங்க" என்றான் அவன்.

கீழே இறங்கினார்கள். ஆஸ்பத்திரி வாசல் படியில் அக்கா உட்கார்ந்தாள். கணவன் கொஞ்சம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் கோபம் தீர நாளாகும் என்று அவளுக்குத் தெரியும். மகளிடம் கையை நீட்டினாள்.

"கைப்பேசிய எடு. நேரா பிடி."

"இப்பவாம்மா? முகம் கழுவிட்டு வரியா?"

"வேணாம். எத்தனை வீட்டுல நான் சொன்னதக் கேட்டு அடுக்கி வச்சிருக்காங்களோ. எடு."

மகள் கைப்பேசியை உயர்த்தினாள். வாங்க வாங்க என்கிற வரவேற்பு அன்றைக்கு இல்லை.

"நான் சொன்னேன்னு லேபிள உரிச்சிருந்தீங்கன்னா, இத முழுசாப் பாக்க வேணாம். இப்பவே எந்திரிச்சுப் போய், உங்க தொட்டிக்குக் கீழ உள்ள அலமாரியத் திறங்க."