புதன்கிழமைக் கத்தரிக்கோல்

டுவேன் ஹோஸ்டெட்லர் மசித்த உருளைக்கிழங்குக் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் அச்சிட்ட தாள் ஒன்றை விரித்தார். அதைப் பார்த்ததுமே மகள் டெலேனிக்குப் பசி போய்விட்டது.

தாளில் மூன்று கட்டங்கள். முதலாவதில், அவளுக்கு இடம் கொடுத்திருந்த கல்லூரியின் பெயரும், வரலாறு என்ற பாடமும். இரண்டாவதில், நான்கு வருடத்துக்கு ஆகும் கடன்: நாற்பத்தேழாயிரம் டாலர். மூன்றாவதில், அங்கே அதே பாடம் படித்தவர்கள் வாங்கும் வருடச் சம்பளம்: முப்பத்தாறாயிரம். கடைசிக் கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம்.

"செத்துப்போன ஜனாதிபதிங்களப் பத்திப் படிக்க நாப்பத்தேழாயிரமா? நர்ஸ் வேலைக்குப் படி, இப்பவே கையெழுத்துப் போடறேன்" என்றார் டுவேன்.

நாய்க்கு ஊசி போடுவதைப் பார்த்தே மயங்கி விழுந்தவள் டெலேனி. அது அவருக்கும் தெரியும்.

கடனில் பெரும்பகுதியை அவள் பெயரிலேயே அரசாங்கம் கொடுத்துவிடும். மிச்சத்தை வங்கிதான் தரவேண்டும். அதற்குத் தகப்பன் கையெழுத்து வேண்டும். மே முதல் தேதிக்குள் பணம் கட்டாவிட்டால் இடம் போய்விடும். அதற்கு ஒன்பது நாள் இருந்தது.

டுவேனைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் ஆறு வருடமாகப் புதன்தோறும் 'கடனில்லா வாழ்வு' வகுப்பு நடத்துபவர் அவர். வகுப்பு முடியும்போது யாராவது ஒருவர் எழுந்து வந்து தன் கடன் அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டுவார். எல்லோரும் கை தட்டுவார்கள். பிறகு காப்பியும் டோனட்டும். ஒஹாயோவில் எங்கள் பக்கத்தில் பாவமன்னிப்பு இதைவிடச் சுலபமாக எங்கும் கிடைக்காது.

மகன் கோல்ட்டனைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏசி பொருத்தும் வேலை. போன அக்டோபரில் எழுபத்தோராயிரம் டாலருக்கு ஒரு பிக்கப் வண்டி வாங்கினான். ஏழு வருடத் தவணை. அவனை மட்டும் நம்ப வங்கி தயாராக இல்லை. தகப்பனும் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு யாரும் கட்டம் போடவில்லை. முற்றத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டினார்கள். கோல்ட்டன் வேலைக்குப் போவது கம்பெனி வேனில். பிக்கப் ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குப் போய்வரும். மற்ற நாளெல்லாம், கராஜுக்குள் நுழைய முடியாத உயரம் என்பதால், வாசல் புல்வெளியில் நிற்கும். தெருவில் மற்ற வீடுகளின் புல்வெளியில் பிள்ளைகள் சேரப்போகும் கல்லூரிகளின் பெயர்ப்பலகை. இவர்கள் வீட்டில் வண்டி.

டெலேனி தாளைத் திருப்பினாள். பென்சிலால் மூன்று கட்டம் போட்டாள். முதலாவதில் 'பிக்கப்' என்று எழுதினாள். இரண்டாவதில் எழுபத்தோராயிரம். மூன்றாவதை வெறுமையாக விட்டுப் பென்சிலை அப்பாவிடம் நீட்டினாள்.

"வருச வருமானம். நீங்களே நிரப்புங்கப்பா."

"வண்டிக்குள்ள காப்பிக் கப்பு வைக்க ஒம்போது இடம் இருக்கு. அதையும் சேத்து எழுதிக்க" என்றான் கோல்ட்டன், வாய் நிறைய இறைச்சியுடன்.

"அது வண்டி. அது வேற" என்றார் டுவேன்.

அம்மா ரான்டா எழுந்து, யாரும் சாப்பிட்டு முடிக்காத தட்டுகளை எடுத்துப் போனாள்.

மறுநாள் காலை, தள்ளுபடிச் சீட்டுகள் போட்டுவைக்கும் இழுப்பறையிலிருந்து ரான்டா ஓர் உறையை எடுத்து மகளிடம் கொடுத்தாள். டுவேன் பெயருக்கு வங்கி அனுப்பிய கடிதம். மகளின் படிப்புக் கடனுக்கு அவர் பொறுப்பேற்க விண்ணப்பித்ததை ஏற்க இயலவில்லை. அவர் வருமானத்துக்கு ஏற்கெனவே உள்ள வாகனக் கடனே அதிகம். தேதியைப் பார்த்தாள் டெலேனி. மூன்று கட்டத் தாளுக்கு மூன்று வாரம் முந்தியது.

"உன்னப் படிக்க வைக்க அவருக்கு ஆசதான்டி. முடியலன்னு சொல்ல வாய் வரல. அதான் கூடாதுன்னு சொல்லிட்டாரு."

மே முதல் தேதி, பள்ளிக்கூடத்தில் கடைசி வருடப் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் சேரப்போகும் கல்லூரியின் பெயர் போட்ட பனியன் அணிந்து வந்தார்கள். டெலேனி சாம்பல் நிறத்தில் வெறும் சட்டை போட்டுப் போனாள். இருபத்திரண்டு மைலில் இருக்கும் மாநிலப் பல்கலைக்கழகக் கிளைக்கு அவள் விண்ணப்பம் அனுப்பியாகிவிட்டது. வீட்டிலிருந்தே போய்வரலாம். அரசாங்கக் கடனே போதும். தன் கையெழுத்தே போதும். பாடம் என்ற இடத்தில் என்ன எழுதினாள் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமை வகுப்பு முடிகிற நேரத்தில் டுவேன் அவளை முன்னே அழைத்தார். தன் மகள் நாற்பத்தேழாயிரம் டாலர் கடனை உதறிவிட்டு வந்திருக்கிறாள் என்று அறிவித்தார். கை தட்டினார்கள். கத்தரிக்கோலை அவள் கையில் கொடுத்தார்.

டெலேனி பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தாள். மேல் ஓரத்தில் இருந்த வங்கி முத்திரையைப் பார்த்ததும் டுவேன் முகத்துச் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"என்கிட்ட வெட்ட அட்டை இல்லப்பா" என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி. "இதான் இருக்கு. உங்க பேருக்கு வந்தது. நீங்க வெட்டறீங்களா, நான் வாசிக்கட்டுமா?"

டுவேன் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். கடிதத்தை இரண்டாக வெட்டினார். பிறகு நான்காக. பிறகு எட்டாக. கல்லூரிக் கடன் விண்ணப்பம்தான் துண்டாகிறது என்று நினைத்து, வகுப்பே எழுந்து நின்று கை தட்டியது. முன்வரிசைப் பெண் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்றாள்.

வெளியே, அழைத்துப் போக வந்திருந்த கோல்ட்டனின் பிக்கப் இரண்டு கார்களின் இடத்தை அடைத்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தது. படி உயரம். முதலில் ஏறிய டுவேன், மகளைத் தூக்கிவிடக் கையை நீட்டினார்.

டெலேனி அதைப் பிடிக்காமலே ஏறிக்கொண்டாள்.